சாந்தியாகோ நேரம்

ஜூலையில் இங்கே
ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
நான் சலவைக்கடையைக் கட்டுவது எட்டுக்கு.
இடைப்பட்ட நேரத்தில்
பழைய கணினியில் லினக்ஸ் போட்டேன்.
காசில்லை, அதுதான் காரணம்.
கொள்கை என்று
வேன் டிரைவர் எவரிஸ்தோவிடம் சொல்லியிருந்தேன்.

பென்டிரைவ் அவன் கொடுத்தது.
கொடுத்துவிட்டு, ஹோட்டல் விரிப்புகளை வாங்கிவர
நீரிணை தாண்டிப் போர்வெனிருக்குப் போனான்.
அதுதான் கடைசி மூட்டை. அவனுக்குத் தெரியாது.
காற்று துறைமுகத்தைப் பூட்டியது.
மூன்று நாள்
அக்கரையில் அவன்,
இக்கரையில் நானும் ஒரு கறுப்புத் திரையும்.

நிறுவி முடித்து நல்வரவு சொன்ன கணினி
அணைத்துப் போட்டதும் இருண்டுவிட்டது.
நடுவில் ஒரு வெள்ளை அம்புக்குறி மட்டும்,
வீடு காலிசெய்து போனவர்கள்
சுவரில் விட்டுப்போன ஆணி மாதிரி.

"சாகவில்லை அது" என்றான் போனில்
காற்றுக்குப் பின்னாலிருந்து.
"கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று. சேர்த்து அழுத்து."
கறுப்புக்குப் பின்னால் இன்னொரு கறுப்பு அறை.
அங்கே என் பெயரைக் கேட்டார்கள்.
கடவுச்சொல்லைத் தட்டினால்
ஒரு புள்ளிகூட விழவில்லை.
தட்டுகிறேனா என்று எனக்கே சந்தேகம்.

அவன் சொல்லச் சொல்ல
எழுத்தெழுத்தாக அடித்து, ஒரு வழியாக
மலைப்படம் ஒன்று வந்தது.
எங்கள் மலை இல்லை.
ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வைஃபைக்கு ஏதோ மென்பொருள் வேண்டுமாம்,
அதை இறக்க வைஃபை வேண்டுமாம்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.
போனை ஒயரில் கட்டி
இரண்டையும் ஒரே நாளில் முடித்தேன்.

பிறகு சத்தம்.
பட்டை பச்சையாகத் துள்ளுகிறது,
காதுக்கு ஒன்றும் வரவில்லை.
பாதி ராத்திரியில் கண்டுபிடித்தேன்:
அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
ஸ்பீக்கரே இல்லாத மானிட்டரிடம்.

மூன்றாம் நாள் பிரின்டர்.
முதலில் அச்சடிக்க நினைத்தது ஒரு கடிதம், ஆறு வரி.
ஹோட்டல் சொந்தமாக எந்திரம் வாங்கிவிட்டது என்று இரண்டு,
ஆகஸ்டிலிருந்து வேலை இல்லை என்று ஒன்று,
மிச்சம் மூன்றும் நன்றி.
அனுப்பினேன். அசையவில்லை.
மறுபடி.
மறுபடி.
அதன் வம்சத்தையே திட்டிவிட்டு மறுபடி.

படகு வந்துவிடும், ஏழுக்குக் கடையில் இருப்பேன் என்றிருந்தான்.
திரையின் மூலையில் ஆறு.
ஒரு மணி நேரம் இருக்கிறது,
கடிதம் இல்லாவிட்டால் வாயால் சொல்லிவிடலாம்,
வார்த்தைகளை மடித்து அடுக்கலாம் என்று உட்கார்ந்தபோது
கதவைத் தட்டினான்.

தாடியில் உப்பு. தோளில் மூட்டை.
சீக்கிரம் வந்துவிட்டாயே என்றேன்.
திரையைப் பார்த்தான், சிரித்தான்.
"யாஸ்னா, நம்மைக் கொண்டுபோய்ச்
சாந்தியாகோவில் வைத்திருக்கிறாய்.
குளிர்காலத்தில் அவர்கள் ஒரு மணி பின்னால்."
பட்டியலில் எங்கள் ஊரும் தனியாக இருந்தது,
புந்தா அரேனாஸ் என்று.
நான்தான் தலைநகரோடு நிறுத்தியிருக்கிறேன்.
சொடுக்கினான். ஆறு ஏழானது.

பிறகு யாரும் கேட்காமலே
பிரின்டர் பக்கம் போனான்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.
களைப்பாக இருப்பாய் என்றேன்.
"இரு, இரண்டு நிமிஷம்.
டிரைவரைத்தான் மாற்றவேண்டும்,
வேறு கோளாறு இல்லை."

எந்திரம் இருமியது.
வரிசையில் நின்றவை எதையும் மறந்திருக்கவில்லை.
ஒன்று வந்தது.
அதே ஒன்று வந்தது.
மூன்றாவதைத் தட்டில் விழுமுன் கையில் பிடித்தான்,
மை சரியாக இறங்குகிறதா என்று பார்க்க.

உலர்த்தியில் யாருடைய பொத்தானோ
சுற்றிச் சுற்றி மோதிக்கொண்டிருந்தது.
நான்காவதும் வந்தது.

"எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது" என்றான்
காகிதத்திலிருந்து கண் எடுக்காமல்.
"அதையும் சரிசெய்துவிட்டுப் போகிறேன்."